பி0420 வந்தால் கன்வெர்ட்டரை உடனே மாற்றாதீர்கள்

காரின் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0420 (P0420) தெரிந்ததுமே, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மாற்றுவதை என்னால் ஏற்கவே முடியாது. அந்தக் குறியீடு சொல்வது, கன்வெர்ட்டரின் திறன் குறைந்திருக்கலாம் என்ற சந்தேகம் மட்டுமே. பி0300 போன்ற மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமை) குறியீடும் உடனிருந்தால் ஸ்பார்க் பிளக், காயிலை முதலில் கவனியுங்கள். புகைக்குழாய் இணைப்புகளில் கரிக்கறையோ கசிவொலியோ உண்டா என்றும் பாருங்கள். கசிவு வழியே புகும் காற்று, புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாரை ஏமாற்றிவிடும்.

பிறகு எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, நிமிடத்துக்கு 2,500 சுழற்சியில் நிறுத்தி, கன்வெர்ட்டருக்குப் பின்னுள்ள ஆக்சிஜன் சென்சாரின் அளவைப் பாருங்கள். 0.6, 0.7 வோல்ட் அருகே நிலையாக நின்றால் கன்வெர்ட்டர் பெரும்பாலும் நலம். 0.1க்கும் 0.9க்கும் இடையே வேகமாகத் துள்ளினால் அதன் ஆயுள் முடிந்திருக்கலாம்.

எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரமாக நிறுத்திவிடுங்கள். அது கடுமையான மிஸ்ஃபயரின் அறிகுறி; எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டரை உள்ளேயே உருக்கிவிடும்.

எஞ்சின் அதிகமாக ஆயிலைக் குடிக்கிறதா? அதைச் சரிசெய்த பின்பே புதிய கன்வெர்ட்டரைப் பொருத்துங்கள்.