துப்பாக்கிச் சட்டம் தளர்ந்தால் குற்றம் குறையுமா? கணக்கைச் சரிபார்க்கும் வழி

பிள்ளைகள் அமெரிக்காவில் வேலை பார்க்கும் குடும்பங்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் பல உண்டு. துப்பாக்கியுடன் நடமாடுவதற்கான கட்டுப்பாட்டைத் தளர்த்திய மாநிலத்தில் குற்றம் குறைந்துவிட்டது என்றோ பெருகிவிட்டது என்றோ வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், அதைப் பிறருக்கு அனுப்பும் முன் சரிபாருங்கள். பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு என்பதால் இதில் அலட்சியம் கூடாது.

முதலில், எந்தச் சட்டம் மாறியது என்று கேளுங்கள். நம் ஊரில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, தக்க காரணம் இருப்பதாக அதிகாரி கருதினால்தான் துப்பாக்கி உரிமம் கிடைக்கும். அமெரிக்காவில் சில மாநிலங்கள், துப்பாக்கியுடன் வெளியே நடமாடும் உரிமத்துக்கு இப்படிக் காரணம் கேட்டுவந்தன. 2022 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நியூயார்க் வழக்கில் அந்த முறையைத் தடுத்துவிட்டது. தகுதியுள்ள எல்லோருக்கும் உரிமம் தருவது வேறு, உரிமமே வேண்டாம் என்பது வேறு. ஒன்றைப் பற்றிய ஆய்வு மற்றொன்றுக்குச் சான்றாகாது.

அடுத்து, எண்ணிக்கையை விகிதமாக்குங்கள். 2011 கணக்கெடுப்பில் கடலூர் மாவட்ட மக்கள்தொகை ஏறத்தாழ 26 லட்சம், புதுச்சேரி ஒன்றியப் பகுதியுடையது 12.5 லட்சம். ஓராண்டில் அங்கே 26 கொலை, இங்கே 25 கொலை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், லட்சத்துக்குக் கடலூரில் 1, புதுச்சேரியில் 2 என்றாகிறது.

பெரும்பாலான செய்திகள் தடுமாறுவது ஒப்பீட்டில்தான். 1977 முதல் 1992 வரையிலான தரவைக் கொண்டு, உரிமம் எளிதாகக் கிடைத்த இடங்களில் வன்முறைக் குற்றம் குறைந்தது என்று 1997-இல் பொருளியலாளர்கள் ஜான் லாட்டும் டேவிட் மஸ்டர்டும் எழுதினார்கள். ஆனால் அந்தக் காலத்தின் பிற்பகுதியில் கிராக் கோகைன் போதைப்பொருள் பரவி, சட்டத்தைத் தளர்த்தாத நியூயார்க், கலிபோர்னியா போன்ற மாநிலங்களின் பெருநகரங்களில் கொலைகளைப் பெருக்கியிருந்தது. அவற்றோடு ஒப்பிட்டால் தளர்த்திய மாநிலம் நன்றாகத்தான் தெரியும். 2004-இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுமத்தின் வல்லுநர் குழு, இருக்கும் சான்றுகளை வைத்து எந்தப் பக்கமும் முடிவு சொல்ல முடியாது என்றது.

2019-இல் ஜான் டோனஹூவும் உடன் ஆய்வாளர்களும் வேறு வழியில் சென்றார்கள். தளர்த்திய மாநிலம் ஒவ்வொன்றுக்கும், முன்பு அதன் குற்றப் போக்கை ஒத்திருந்த, தளர்த்தாத மாநிலங்களைக் கலந்து ஓர் இணையை உருவாக்கினார்கள். பத்தாம் ஆண்டில் தளர்த்திய மாநிலங்களின் வன்முறைக் குற்றம், இணையைவிட 13 முதல் 15 விழுக்காடு கூடுதலாக இருந்தது. நாடு முழுவதும் குற்றம் சரிந்த காலத்தில், தளர்த்திய மாநிலத்திலும் சரிவு இருக்கும். ஆனால் இணையில் அது கூடுதலாக இருக்கும். முன்–பின் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது. காரில் வைத்த துப்பாக்கி திருடுபோவது, காவல்துறை குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் விகிதம் குறைவது எனத் தளர்வால் குற்றம் கூடும் வழிகளையும் பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே, தளர்வு குற்றத்தைக் கூட்டுகிறது என்ற பக்கமே இன்று சான்று வலுவாக இருப்பதாக நான் கருதுகிறேன்.

உரிமமே வேண்டாம் என்னும் சட்டங்களில் கூடுதல் கவனம் தேவை. டெக்சாஸில் அது 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நாடெங்கும் கொலைகள் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியிருந்தன. 2022, 2023-இல் நாடளவில் குறைந்தன. ஆதலால் டெக்சாஸின் சரிவைக் காட்டும் வரைபடம் வந்தால், அதே ஆண்டுகளின் கலிபோர்னியா வரைபடத்தையும் கேட்டு வாங்கி, இரண்டையும் லட்சத்துக்கான விகிதத்தில் அருகருகே வைத்துப் பாருங்கள்.