பள்ளிச் சுவரில் பென்குயின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் 20 வருஷமாகப் பள்ளிச் சுவர்களில் படம் வரைகிறேன். போன மாதம் அம்மாபேட்டைப் பக்கம், தொழிலுக்குப் புதிதாக வந்த இரண்டு தம்பிகள் பென்குயின் வரைந்துகொண்டிருந்தார்கள். குஞ்சு தண்ணீரில் நீந்துகிற மாதிரி; முன்பு ஏற்காட்டில் நான் செய்த அதே தவறு. மனசு கேட்கவில்லை. பென்குயின் பக்கத்தில் பனிக்கரடி வரக்கூடாது என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை; அது எல்லாருக்கும் தெரியும்.

குஞ்சைத் தண்ணீரில் விடுவது

ஏற்காட்டில் ஒரு தொடக்கப்பள்ளி. மேல்பாதி கரை, கீழ்பாதி கடல். தாய்க்குப் பின்னால் நான்கு பழுப்புக் குஞ்சுகள் வாத்துக்குஞ்சு போல வரிசையாக நீந்துகிற மாதிரி வரைந்தேன். சாரத்தைப் பிரித்த பிறகு அறிவியல் டீச்சர் வந்து கேட்டார்: "அண்ணா, இந்தக் குஞ்சு தண்ணியில இறங்குமா?"

இறங்காது. குஞ்சின் உடம்பில் இருப்பது பஞ்சு போன்ற மென்தூவி. கரையில் அது நல்ல கம்பளி. நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், குஞ்சு விறைத்துப்போகும். வளர்ந்த பறவைக்கு இறகு ஓடு வேய்ந்தது போல நெருக்கமாகப் படிந்து, அடியில் காற்றைப் பிடித்து வைத்திருக்கும். வாலடியில் சுரக்கும் எண்ணெயை அலகால் எடுத்து அதன்மேல் பூசிக்கொள்ளும். கிங் பென்குயின் குஞ்சு அந்தப் பழுப்புத் தூவியோடு 10 மாதத்துக்கு மேல் கரையிலேயே நிற்கும். அந்தக் காலத்து மாலுமிகள் அதை வேறொரு பறவை என்றே நினைத்தார்களாம். சரி, பெரியவையும் எப்போதும் நீந்துவதில்லை. பழைய இறகு மொத்தமாக உதிர்ந்து புதிது முளைக்கும் வரை, பல இனங்களில் இரண்டு மூன்று வாரம், கடலும் இல்லை, இரையும் இல்லை.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து மறுபடி வரைந்தேன். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் பெயிண்ட் காயவே மாட்டேன் என்றது. நான்கு நாள் கூலி போச்சு. அதைவிட, டீச்சர் கேட்காமல் விட்டிருந்தால் அத்தனை பிள்ளைகளும் தவறாகவே படித்திருப்பார்களே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

இறக்கையைக் காக்கை போல மடக்குவது

மடங்காது. துடுப்புப் பலகை போல விறைப்பாக, தோளிலிருந்து அசைய வேண்டும்.

காலால் உந்துவது

நீருக்குள் உந்துவது இறக்கைதான். கால் பின்னால் நீண்டு திசை திருப்பும். அது உடம்பின் கடைக்கோடியில் இருப்பதால்தான் கரையில் நிமிர்ந்து நிற்கிறது. முழங்கால் உடம்புக்குள் மறைந்திருக்கும், அதை வெளியே வரையாதீர்கள்.

எல்லா இடத்திலும் பனி

தென்னாப்பிரிக்காவில் மணலில், புதரடியில் கூடு வைக்கிற பென்குயின் உண்டு.

அப்புறம் குஞ்சை எங்கே வைப்பது?

கரையில், நெருக்கியடித்துக் கூட்டமாக. ஏற்காட்டுச் சுவரில் இப்போது நான்கும் அப்படித்தான் நிற்கின்றன, கடலிலிருந்து ஏறிவரும் தாயைப் பார்த்து வாயைப் பிளந்தபடி.