உங்க நாயையும் கல்யாணத்துல சேர்த்துக்கறது எப்படி? முதல் தடவை பண்றவங்களுக்காக

கல்யாணத் தேதி முடிவானதும் எனக்கு முதல்ல வந்த கவலை, அன்னிக்கு ஜிம்மி எங்க இருக்கும்கறதுதான். ஒன்பது வருஷம் என் கட்டிலுக்குக் கீழயே படுத்துத் தூங்கின ஜீவன், அத வீட்ல பூட்டி வச்சிட்டு நான் மட்டும் போய் நிக்கறதுக்கு மனசே வரல. இதே நினைப்புல இருக்கறவங்களுக்காக நாங்க பண்ணினத வரிசையா எழுதறேன். ஒண்ண மட்டும் மனசுல வச்சுக்கோங்க, நாய்க்கு கல்யாணம்னா என்னன்னு தெரியாது, அதுக்குத் தெரியறது கூட்டம், சத்தம், புது வாசனை, நடுவுல எங்கயோ நீங்க, அவ்ளோதான்.

ஸ்டெப் 1: உங்க நாய்க்கு இது ஒத்து வருமான்னு பாருங்க

இத விட்டுட்டு நேரா டிரஸ் வாங்கப் போயிடாதீங்க. ரெண்டு மூணு மாசம் முன்னாடியே கொஞ்சம் கூட்டம் இருக்கற ஒரு இடத்துக்கு கூட்டிட்டுப் போய் பேசாம பக்கத்துல உக்காந்து கவனிங்க. நான் ஜிம்மிய ஒரு பிறந்தநாள் விழாவுக்கு கூட்டிட்டுப் போனேன், மைக் ‘கீ’ன்னு கத்தினதும் காது ரெண்டும் பின்னாடி ஒட்டிக்கிச்சு, மூக்க நக்கிக்கிட்டே இருந்துச்சு, அடுத்தடுத்து மூணு கொட்டாவி. தூக்கத்துல வந்த கொட்டாவி இல்ல அது, நாய்க்கு டென்ஷன் ஆனாலும் கொட்டாவி வரும். முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு கண்ணோட வெள்ளை தெரியற மாதிரி ஓரமா பாத்தாலோ, வாலை காலுக்கு நடுவுல சுருட்டிக்கிட்டாலோ, ஓடாமயே மூச்சு வாங்கினாலோ அது பயந்திருக்குன்னு அர்த்தம். வாலை ஆட்டுதேன்னு மட்டும் வச்சு சந்தோஷமா இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க, பதட்டத்துலயும் வால் ஆடும்.

கூட்டத்துல ஒதுங்கி ஒளிஞ்சுக்கற நாய்னா கல்யாணத்துக்கு முந்தின நாளோ அன்னிக்குக் காலையிலயோ வீட்லயே அதோட உக்காந்து அழகா போட்டோ எடுத்துக்கோங்க. அதுவும் அத சேர்த்துக்கறதுதான், குறைச்சலா எதுவும் நினைக்க வேணாம்.

ஸ்டெப் 2: முன்கூட்டியே கேட்டுடுங்க

மண்டபத்துல நாய விடுவாங்களா, எது வரைக்கும் விடுவாங்கன்னு அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடியே கேளுங்க. சொந்தக்காரங்கள்ல நாய்னா பயப்படறவங்க, அலர்ஜி இருக்கறவங்க யார் யார்னு ரெண்டு வீட்லயும் விசாரிச்சு அவங்கள தள்ளி உக்கார வைங்க. ரேபீஸ் உட்பட தடுப்பூசியெல்லாம் தேதி தாண்டாம இருக்கான்னும் பாத்துக்கோங்க.

ஸ்டெப் 3: நாய்க்குன்னே ஒரு ஆள்

என்னக் கேட்டா மொத்த விஷயமும் இதுலதான் இருக்கு. அந்த ஆள் கல்யாணப் பொண்ணோ மாப்பிள்ளையோ இருக்க முடியாது, அப்பா அம்மாவும் வேணாம், அவங்களுக்கு அன்னிக்கு மூச்சு விடக்கூட நேரம் இருக்காது. நாய்க்கு ஏற்கனவே நல்லாத் தெரிஞ்சவங்களா இருக்கணும், அன்னிக்கு வேற எந்த வேலையும் அவங்களுக்குக் கொடுக்கக் கூடாது. எனக்கு என் சித்தி பையன் கிடைச்சான், ஒரு மாசம் முன்னாடியே சாயந்தரம் வாக்கிங் கூட்டிட்டுப் போற பொறுப்ப அவன்கிட்ட கொடுத்துட்டேன், கல்யாணத்தன்னிக்கு நான் கண்ணுல படாதப்பகூட ஜிம்மி அவன் கால் மேல சாஞ்சு உக்காந்திருந்துச்சு. காலர்ல தொங்கற டேக்ல உங்க நம்பரப் போடாதீங்க, உங்க போன் அன்னிக்கு யார் பையில இருக்கும்னு உங்களுக்கே தெரியாது, கூட இருக்கறவங்க நம்பரப் போடுங்க. அவங்க பையில தண்ணி, கிண்ணம், பிஸ்கட், கக்கா அள்ற கவர், ஒரு பழைய துண்டு, இன்னொரு லீஷ் (நாயப் பிடிச்சுக்கற கயிறு), இவ்வளவும் இருக்கணும்.

ஸ்டெப் 4: பழக்கப்படுத்தறது

நாங்க எட்டு வாரம் எடுத்துக்கிட்டோம். உக்காரு, இரு, வா, இந்த மூணும் யாரு எவ்ளோ சத்தம் போட்டாலும் கேக்கற அளவுக்கு வந்தா போதும். மனுஷனுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் காது கேக்கும், நாய்க்கு சுமார் 45,000 வரைக்கும் கேக்கும், சின்ன சத்தமும் நம்மளவிட நல்லாவே கேக்கும், அதனால நமக்கு சாதாரணமா இருக்கற ஸ்பீக்கர் அதுக்குப் பெரிய தொல்லை. கல்யாணத்துல போடப் போற பாட்ட போன்ல ரொம்ப மெதுவா வைங்க, அதே நேரம் பிஸ்கட் கொடுங்க, நாலு நாள் கழிச்சு கொஞ்சம் கூட்டுங்க, காத மடக்கினா உடனே பழைய அளவுக்கே குறைச்சிடுங்க. டிரஸ்ஸும் அப்படித்தான், முதல் நாள் அஞ்சு நிமிஷம் மட்டும். கழுத்துல ஒரு ரிப்பன் போதும்ங்கறது என் கருத்து, உடம்பு முழுக்க துணியப் போத்தினா சூடு தாங்காது, அதுலயும் பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையா இருக்கற நாய்ங்களுக்கு வேணவே வேணாம். முடிஞ்சா ஒரு தடவை மண்டபத்துக்கே கூட்டிட்டுப் போய் மூலை மூலையா மோந்து பாக்க விடுங்க.

ஸ்டெப் 5: என்ன வேலை கொடுக்கலாம்

கூட நடந்து வர்றது, மோதிரம் எடுத்துட்டு வர்றது, போட்டோவுக்கு நிக்கறது, இதுல ஏதாவது ஒண்ணு போதும். மோதிரம்னா காலர்ல கட்டறது டம்மியா இருக்கட்டும், நிஜ மோதிரம் நம்பிக்கையான ஒருத்தர் பாக்கெட்ல இருக்கட்டும். டம்மியையும் வாயில போட்டுக்க முடியாதபடி இறுக்கமா தச்சிடுங்க, முழுங்கிட்டா ஆபரேஷன் வரைக்கும் போயிடும்.

ஸ்டெப் 6: பூவும் சாப்பாடும்

டெக்கரேஷன் பண்றவங்ககிட்ட நாய் வருதுன்னு கண்டிப்பா சொல்லிடுங்க. அரளி, லில்லி ஆஃப் த வேலி ரெண்டும் நாயோட இதயத்தையே பாதிக்கற விஷம், அழகுக்கு வைக்கற சேகோ பாம் செடி கல்லீரல கெடுத்துடும். சாக்லேட், திராட்சை, சர்க்கரைக்குப் பதிலா போடற சைலிட்டால் சேர்த்த இனிப்பு, மது எதையும் கொடுக்கக் கூடாது. விருந்தாளிங்க பாசத்துல ஆளுக்கொரு வாய் ஊட்டிடுவாங்க, அதனால ‘எனக்கு சாப்பாடு கொடுக்காதீங்க’ன்னு ஒரு சின்ன அட்டை எழுதி லீஷ்ல மாட்டி விட்டோம், எல்லாரும் படிச்சுட்டு தடவிக் கொடுத்துட்டு மட்டும் போனாங்க.

ஸ்டெப் 7: அந்த நாள்

குளியலும் நகம் வெட்டறதும் ரெண்டு நாள் முன்னாடியே முடிஞ்சிருக்கணும். காலையில நல்லா நீளமா ஒரு வாக்கிங், வெளிய வர்றதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி வழக்கமான சாப்பாட்டுல பாதி, உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணுக்கு. வெயில் நேரம்னா தரையில உங்க புறங்கைய வச்சு அஞ்சு செகண்ட் தாங்குதான்னு பாருங்க, உங்களுக்கு சுட்டா அதோட பாதத்துக்கும் சுடும். போட்டோவ கூட்டம் வர்றதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க, ஃபிளாஷ் வேணாம், போட்டோகிராபர கீழ உக்காந்து அதோட கண் மட்டத்துலேருந்து எடுக்கச் சொல்லுங்க.

அமைதியா ஒரு ரூம் தயாரா இருக்கணும், அதோட பழைய போர்வை அங்க இருக்கணும். ‘கொஞ்ச நேரம் கார்ல விட்டா என்ன’ன்னு யாராவது கேப்பாங்க, விடவே விடாதீங்க, வெயில்ல நிக்கற காருக்குள்ள பத்தே நிமிஷத்துல சூடு சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிடும், ஜன்னல லேசா இறக்கி வச்சாலும் பெருசா வித்தியாசம் இல்ல. அமைதியா இருக்க மாத்திரைய நீங்களா கொடுக்காதீங்க. டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் அவர்கிட்ட கேட்டுட்டு வேற ஒரு நாள் வீட்ல கொடுத்துப் பாத்துட்டுத்தான் அன்னிக்கு கொடுக்கணும்.

ஜிம்மி இருந்தது மொத்தம் இருபத்தஞ்சு நிமிஷம். நடந்து வந்துச்சு, என் டிரஸ் ஓரத்துல தாடைய வச்சுப் படுத்துச்சு, மைக் ஆன் பண்றதுக்கு முன்னாடியே சித்தி பையன் வீட்டுக்கு கூட்டிட்டுப் போயிட்டான். உங்களுக்கும் அரை மணி நேரம் தாராளம்.

கல்யாணம் முடிஞ்சு நீங்க ஊருக்குக் கிளம்பறதா இருந்தா நாய விட்டுட்டுப் போற இடத்துல முன்னாடியே ஒரு ராத்திரி தங்க வச்சுப் பழக்கிடுங்க, நீங்க போட்டுக் கழட்டின துவைக்காத டீ ஷர்ட் ஒண்ண அதோட படுக்கையில வச்சிட்டுப் போங்க.