128 கேள்வியையும் படித்தாயிற்று, சொந்த ஃபைலைப் படித்தீர்களா?

அமெரிக்கக் குடியுரிமை இன்டர்வியூவுக்குக் கடிதம் வந்ததும் வீட்டில் எல்லாரும் முதலில் கையில் எடுப்பது குடிமையியல் கேள்விகளைத்தான். கார் ஓட்டும்போது ஆடியோ, சமைக்கும்போது ஆடியோ, ராத்திரி பிள்ளைகள் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். பிரதிநிதிகள் சபையில் ஓட்டுரிமை உள்ளவர்கள் 435 பேர், செனட்டர்கள் 100 பேர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். உள்ளே போய் உட்கார்ந்ததும் ஆபீசர் கேட்பார்: "உங்கள் கணவர் எந்தத் தேதியில் சிட்டிசன் ஆனார்?" அங்கே வாயடைத்துப் போகும்.

உண்மையில் அந்தத் தேர்வைப் பற்றி இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. 2025 அக்டோபர் 20 அன்றோ அதற்குப் பிறகோ விண்ணப்பித்தவர்களுக்கு 128 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 20 வரை கேட்பார்கள், 12 சரியாக இருந்தால் போதும். அதற்கு முன் விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய 100 கேள்விப் பட்டியல், 10-க்கு 6. ஆங்கிலத்தில் வாசிக்க மூன்று வாக்கியம் தருவார்கள், ஒன்று சரியாக வந்தால் போதும், எழுதுவதும் அப்படியே. தவறினாலும், தவறிய பகுதிக்கு மட்டும் 60 முதல் 90 நாளுக்குள் இன்னொரு வாய்ப்பு உண்டு. என் பார்வையில் இரண்டு வாரப் படிப்புக்கு மேல் இதற்குத் தேவையில்லை.

மிச்ச நேரத்தை எதற்குச் செலவிட வேண்டும் என்றால், உங்கள் குடியுரிமை விண்ணப்பமான என்-400 படிவத்துக்கு. ஆபீசருக்கு முன்னால் இருப்பது உங்கள் முழு வரலாறு: முதல் விசாவுக்கு எழுதியது, கல்யாணத்தை வைத்துக் கிரீன் கார்டு கேட்டபோது எழுதியது, இரண்டு வருடக் கிரீன் கார்டின் நிபந்தனையை நீக்கக் கேட்டபோது எழுதியது, இப்போது எழுதியிருப்பது. அவர் வேலை இவற்றை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்ப்பது. நாமோ எட்டு வருடத்துக்கு முன் லாயர் நிரப்பித் தந்ததைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டவர்கள். அனுப்பிய எல்லா விண்ணப்பங்களின் நகலையும் தேடி எடுத்து, இன்டர்வியூவுக்கு முந்தைய வாரம் கதைப் புத்தகம் மாதிரி முதல் பக்கத்திலிருந்து படியுங்கள்.

மூன்று வருடக் கணக்கு

சிட்டிசனைக் கல்யாணம் செய்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஐந்து வருடத்துக்குப் பதில் மூன்று வருடம் போதும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த மூன்று வருடத்துக்குள் எத்தனை நிபந்தனை ஒளிந்திருக்கிறது என்பதில்தான் சறுக்கல். கிரீன் கார்டு கிடைத்து மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும். கணவனோ மனைவியோ அந்த மூன்று வருடமும் சிட்டிசனாக இருந்திருக்க வேண்டும். இருவரும் அந்தக் காலம் முழுக்கச் சேர்ந்து குடித்தனம் நடத்தியிருக்க வேண்டும். இருவரும் ஒரே நாளில் வேலை வழியாகக் கிரீன் கார்டு வாங்கி, போன வருடம் கணவர் மட்டும் சிட்டிசன் ஆகியிருந்தால், மனைவிக்கு மூன்று வருடக் கணக்கு இன்னும் முடியவில்லை. அவசரப்பட்டு அனுப்பினால் நிராகரிப்பு வரும், ஆன்லைனில் கட்டிய 710 டாலரோ தபாலில் கட்டிய 760 டாலரோ திரும்பி வராது.

இன்னொன்றும் இருக்கிறது. கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் ஆகிவிட்ட பிறகும், கல்யாணத்தின் மூலம் வந்தோம் என்பதற்காக மூன்று வருடப் பிரிவையே டிக் செய்பவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லை. ஐந்து வருடப் பிரிவில் போனால் சேர்ந்து வாழ்வதை நிரூபிக்கும் காகிதங்களின் சுமை பெருமளவு குறைகிறது. வேலைக்காக ஒருவர் வேறு மாநிலத்தில் அறை எடுத்துத் தங்குகிறார், மாதத்துக்கு ஒரு வார இறுதிதான் பார்க்கிறார்கள் என்றால், மூன்று வருடப் பிரிவு நிச்சயம் கேள்விகளைக் கிளப்பும். காத்திருக்க முடிந்தால் காத்திருப்பதே புத்திசாலித்தனம்.

பயணக் கணக்கும் இதோடு சேர்ந்தது. மூன்று வருடத்தில் குறைந்தது 18 மாதம் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும் (ஐந்து வருடப் பிரிவில் 30 மாதம்). அதைவிடக் கவனிக்க வேண்டியது ஒரே பயணத்தின் நீளம். பிரசவத்துக்கு ஊருக்குப் போய் ஏழு மாதம் தங்கியவர்கள், அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்க்கப் போய் எட்டு மாதம் மாட்டிக்கொண்டவர்கள் நம்மில் நிறைய. ஆறு மாதத்தைத் தாண்டினால் தொடர்ந்து வசித்தது அறுந்துவிட்டதோ என்ற சந்தேகம் தானாக எழும். வீடும் வேலையும் குடும்பமும் இங்கேதான் இருந்தன என்று காகிதம் காட்டுவது உங்கள் பொறுப்பு. ஒரு வருடம் தாண்டிவிட்டால் பெரும்பாலும் கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். விண்ணப்பம் அனுப்பிய பிறகு போய்வந்த பயணங்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், கேட்பார்கள்.

எந்தக் கல்யாணத் தேதி?

நம் ஆட்களுக்கென்றே இருக்கும் சிக்கல் இது. கோயிலில் தாலி கட்டியது ஒரு நாள், பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டது இன்னொரு நாள், இங்கே நண்பர்களுக்காக ரிசப்ஷன் வைத்தது மூன்றாவது நாள். "எப்போது கல்யாணம் நடந்தது?" என்றதும் மனசு தாலி கட்டிய நாளைச் சொல்லும், படிவத்திலோ பதிவு செய்த நாள் இருக்கும். சான்றிதழில் இரண்டு தேதியும் இருந்தால், முதல் விண்ணப்பத்தில் எதை எழுதினீர்களோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் எழுதியதே தப்பு என்றால் மறைக்காமல், இன்டர்வியூ தொடங்கும்போதே "இந்த இடத்தில் ஒரு திருத்தம் வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். நாமாகச் சொல்லும் திருத்தத்தைப் பொதுவாக யாரும் பொய் என்று எடுத்துக்கொள்வதில்லை.

பிறந்த நாளும் அப்படித்தான். வீட்டில் கேக் வெட்டுவது ஒரு தேதியில், பள்ளிச் சான்றிதழில் இருப்பது வேறு. கணவரின் "காகிதப் பிறந்த நாள்" தெரியாத மனைவிகள் உண்டு, அதற்குமேல் மனைவியின் எந்தத் தேதியும் தெரியாத கணவர்களும் உண்டு. தேதி எழுதும்போது மாதம் முதலில் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். மார்ச் 5-ஐ நம் பழக்கத்தில் 05/03 என்று எழுதினால் இங்கே அது மே 3.

பெயர் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். இனிஷியல், அப்பா பெயரே கடைசிப் பெயர், கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயர், பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் கட்டம் காலி. பயன்படுத்திய எல்லா வடிவங்களையும் "வேறு பெயர்கள்" பகுதியில் எழுதுங்கள். பெயரை மாற்ற ஆசை இருந்தால் படிவத்திலேயே கேட்கலாம். நீதிமன்றத்தில் நடக்கும் உறுதிமொழி விழாவில் நீதிபதி மாற்றித் தருவார்.

முந்தைய கல்யாணம் இருந்தால், உங்களுடையதானாலும் துணைவருடையதானாலும், விவாகரத்துத் தீர்ப்பின் நகல் கட்டாயம். குழந்தைகள் என்று கேட்கும் இடத்தில் எல்லாரையும் எழுத வேண்டும்: வளர்ந்து தனியே போனவர்கள், ஊரில் இருப்பவர்கள், முதல் கல்யாணத்துக் குழந்தை. தமிழில் உள்ள சான்றிதழ் எதுவானாலும் ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழிக் கையெழுத்தும் சேர வேண்டும்.

"ஆமாம்" என்ற சொல்லின் ஆபத்து

ஆபீசர் கேட்கிறார்: "ஸோ, யூ ஹேவ் நெவர் பீன் அரெஸ்டெட்?" தமிழில் யோசிக்கும் மனசு சொல்லும்: ஆமாம், நீங்கள் சொல்வது சரி, கைதானதே இல்லை. வாயில் வருவது "யெஸ்". எதிரே இருப்பவர் புருவத்தை உயர்த்துவார். எதிர்மறைக் கேள்விக்கு ஆமாம் போடுவது நமக்கு இயல்பு. ஆங்கிலத்தில் அது தலைகீழாகப் போய்ச் சேரும். அதோடு சரி, சரி என்று பக்கவாட்டில் தலையாட்டுவதும் சேர்ந்தால், யெஸ் என்ற வாய்க்கு நோ என்ற தலை. கைது, ஓட்டு, வரி, பயணம் பற்றிய கேள்விகளுக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாமல் "நோ, ஐ ஹேவ் நெவர் பீன் அரெஸ்டெட்" என்று முழு வாக்கியமாகச் சொல்லிப் பழகுங்கள். கண்ணாடி முன்னால் நின்று பழகினாலும் தப்பில்லை. நான் அப்படித்தான் செய்தேன், வீட்டில் சிரித்தார்கள்.

புரியாத கேள்விக்கு "நோ" போட்டுக்கொண்டே போவதும் ஆபத்து. சர்வாதிகாரக் கட்சியில் இருந்தீர்களா என்ற கேள்விக்கு இல்லை என்பீர்கள். "டோட்டாலிடேரியன் என்றால் என்ன?" என்று அடுத்துக் கேட்டால்? உறுதிமொழியில் வரும் "பேர் ஆர்ம்ஸ்" (ஆயுதம் ஏந்துவது) போன்ற தொடர்களுக்கும் எளிய ஆங்கிலத்தில் பொருள் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். புரியவில்லை என்றால் வேறு சொற்களில் கேட்கச் சொல்லலாம், அவர்கள் மாற்றிக் கேட்பார்கள். அதைக் குறையாக எழுத மாட்டார்கள்.

ஆயுதப் பயிற்சி பற்றிய கேள்வியில், பள்ளியில் என்சிசியில் துப்பாக்கி பிடித்தவர்கள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஒரு வரி விளக்கத்தோடு ஆம் என்று எழுதுவது, பின்னால் மறைத்தீர்களா என்ற கேள்வியைவிட மேல். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இந்தப் பகுதி இன்னும் கனமானது. விடுதலைப் புலிகள் 1997 முதல் அமெரிக்காவின் பயங்கரவாத அமைப்புப் பட்டியலில் இருக்கிறார்கள். வற்புறுத்தலின் பேரில் கொடுத்த பணமோ உணவோகூட இங்கே கேள்விக்குள் வரும். அடைக்கலம் கேட்டபோது சொன்னதும் இப்போது சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். குடியேற்ற லாயரோடு உட்காராமல் இந்த விண்ணப்பத்தை அனுப்பவே கூடாது.

வரியும் ஓட்டும் கைதும்

கல்யாணமானவர் வரிப் படிவத்தில் "சிங்கிள்" என்று போட்டிருந்தால், அது பணம் மிச்சம் பிடிக்கச் செய்ததாக இருக்கலாம், கணக்குப் பார்த்தவரின் தவறாகவும் இருக்கலாம். ஆபீசர் கண்ணுக்கு அது இரண்டு கேள்வி: வரியில் பொய்யா, கல்யாணத்தில் பொய்யா? முன்கூட்டியே திருத்திய படிவம் தாக்கல் செய்துவிடுங்கள். வரித்துறையிடமிருந்து மூன்று வருட டிரான்ஸ்கிரிப்ட் (நீங்கள் தாக்கல் செய்த வரிக்கணக்கின் சுருக்கப் பதிவு) இலவசமாகவே கிடைக்கும்.

ஓட்டு விஷயம் இதைவிடக் கடுமை. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் "வாக்காளராகப் பதிந்துகொள்கிறீர்களா?" என்றதற்கு மரியாதைக்காகச் சரி என்று தட்டியவர்கள் உண்டு. சிட்டிசன் என்று சொல்லிப் பதிவதும் ஓட்டுப் போடுவதும் குடியுரிமையை மட்டுமல்ல, கிரீன் கார்டையே பறிக்கக்கூடியவை. இதுபோல ஏதாவது நினைவுக்கு வந்தால் விண்ணப்பிக்கும் முன்பே லாயரைப் பாருங்கள். விண்ணப்பிக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்ற நிலையும் சிலருக்கு உண்டு.

கைது, குடித்துவிட்டு ஓட்டியது, நீதிமன்றம் அழித்துவிட்ட வழக்கு எதுவானாலும் சொல்ல வேண்டும்; வழக்கு எப்படி முடிந்தது என்று நீதிமன்றம் தந்த சான்று நகலும் வேண்டும். கைரேகை கொடுத்த அன்றே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆண்கள் 18 வயதுக்கும் 26 வயதுக்கும் இடையில் கிரீன் கார்டோடு இங்கே இருந்திருந்தால் செலக்டிவ் சர்வீஸில் (தேவைப்பட்டால் ராணுவத்துக்கு அழைப்பதற்கான அரசுப் பதிவு) பதிந்த சான்றும் கேட்கப்படும்.

கணவர் வரட்டுமா?

குடியுரிமை விண்ணப்பம் மட்டும் என்றால் துணைவர் வர வேண்டிய கட்டாயமில்லை. இரண்டு வருடக் கிரீன் கார்டின் நிபந்தனையை நீக்கும் ஐ-751 இன்னும் முடியாமல் இருந்தால், இரண்டையும் ஒரே நாளில் வைத்துக் கேட்பது வழக்கம். அப்போது இருவரும் போக வேண்டும். உள்ளே கணவர் முந்திக்கொண்டு பதில் சொல்வதுதான் நான் பார்த்த பெரிய தவறு. ஆங்கிலம் சோதிக்கப்படுவது உங்களுடையது. வீட்டில் யார் பேசுவார், யார் கேட்பார் என்ற வழக்கத்தை அன்று வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.

எல்லா பில்லும் ஒருவர் பெயரிலேயே இருப்பது நம் வீடுகளில் சகஜம். வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, கார் இன்ஷூரன்ஸ் என்று சிலவற்றிலாவது இருவர் பெயரும் இருக்கட்டும். இதை இன்டர்வியூவுக்கு முந்தின மாதம் மாற்றிப் பயனில்லை. முகவரி மாறினால் 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். லைசென்ஸில் ஒரு முகவரி, படிவத்தில் இன்னொன்று என்றால் இருவரும் தனித்தனியாக இருக்கிறீர்களோ என்று தோன்றும். பழைய பாஸ்போர்ட்டுகள் உட்பட எல்லாவற்றின் அசலையும் எடுத்துப் போங்கள்.

முடிவில் ஒரு தாள் தருவார்கள். அதில் "பரிந்துரைக்கப்பட்டது" என்று இருந்தாலும் நீங்கள் இன்னும் சிட்டிசன் இல்லை, உறுதிமொழி எடுத்தால்தான். மூன்று வருடப் பிரிவில் வந்தவர்கள் அதற்குள் விவாகரத்து ஆகிவிட்டால், ஏன், துணைவர் இறந்தே போனாலும், அந்தப் பிரிவில் தகுதி போய்விடும். இன்டர்வியூவுக்குப் பிறகு வெளிநாடு போனீர்களா, போக்குவரத்து விதியை மீறி டிக்கெட் வாங்கினீர்களா, குடும்ப நிலை மாறியதா என்று விழாவுக்கான கடிதத்திலேயே கேள்விகள் இருக்கும். அவற்றை அன்று காலையில் நிரப்ப வேண்டும், முன்னாலேயே நிரப்பி வைக்கக் கூடாது.

விழாவில் சான்றிதழ் கைக்கு வந்ததும் போட்டோ எடுக்கும் அவசரத்தில் எல்லாரும் கொடியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவார்கள். நீங்கள் அங்கேயே நின்று உங்கள் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள், பிறந்த தேதியையும். தப்பு இருந்தால் அந்த மேஜையிலேயே சொல்லுங்கள். வாசலைத் தாண்டினால் அதற்குத் தனி விண்ணப்பம் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.