குதிரை வரும் பாதைக்கும் பத்திரம் வேண்டும்: என் அனுபவம்

கொடைக்கானலில் சவாரிக் குதிரை வைத்திருக்கும் எங்களுக்கு வில்பட்டிப் பக்கம் லாயத்தோடு ஒரு வீடு அமைந்தது. பட்டா சரி, 30 வருட வில்லங்கச் சான்றும் சரி. ஆனால் வீட்டுக்கு வரும் மண்பாதை, நிலத்தின் அளவையும் எல்லையையும் காட்டும் சர்வே வரைபடமான புலப்படத்தில் இல்லவே இல்லை. முழுக்கப் பக்கத்துத் தோட்டக்காரரின் பட்டா நிலம். அவர் வேலி போட்டுவிட்டால் தீவன வண்டி எப்படி வரும்? பதிவான பத்திரங்கள் மட்டும்தான் வில்லங்கச் சான்றில் வரும். இந்த மாதிரிச் சிக்கல் அதில் தெரியாது.

“இத்தனை வருசமா எல்லாரும் இப்படித்தானேப்பா போறாங்க” என்றார் விற்பவர். நான் அசையவில்லை. சர்வேயரை வைத்துப் பாதையை அளந்தேன். தோட்டக்கார அண்ணனை நேரில் பார்த்துப் பேசினேன். நல்ல மனிதர், நியாயமான தொகைக்குச் சம்மதித்தார். சர்வே எண், நீள அகலம், ஆளும் கால்நடையும் வண்டியும் போய்வர உரிமை என எல்லாவற்றையும் எழுதி, வழிப்பாத்தியப் பத்திரத்தை (அடுத்தவர் நிலம் வழியாகப் போய்வரும் உரிமைக்கான பத்திரத்தை) பதிந்த பிறகுதான் கிரயம். கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்திலும் அந்தப் பாதையைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீரையும் பாருங்கள். ஒரு குதிரை நாளுக்கு 25 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும். மழைக்காலத்தில் எந்த ஊற்றும் நிறைந்துதான் இருக்கும். மார்ச், ஏப்ரலில் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.