டிவியில் ஃபுட்பால் பேச வரும் முன்னாள் வீரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் என் பக்கத்து நாற்காலியில் ஒரு தம்பி. ஆட்டத்தை விட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நல்ல ஸ்ட்ரைக்கர். ஸ்டுடியோவில் முதல் நாள். ஹாஃப் டைமில் கோல் காட்சியை நிறுத்தி, தொடுதிரையில் கோல்கீப்பரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டான். "இதை இவர் பிடிச்சிருக்கணும்" என்றான். தொகுப்பாளர் தலையாட்டினார், விளம்பரம் போனது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் அதே மாதிரித் திரையில் அதே மாதிரி வட்டம் போட்டவன் நான்.

பொடிக்கட்டம் போட்ட சட்டை வேண்டாம், வாட்ச்சைக் கழற்றிவிடு, கேமராவை முறைக்காதே என்பதையெல்லாம் ஃப்ளோர் மேனேஜர் முதல் நாளே சொல்லிவிடுவார். அவர் சொல்லாத சிலதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

## பார்த்ததையே திரும்பச் சொல்வது

"பந்து வந்தது, காலை வச்சார், கோல்." வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் கண் இருக்கிறது.

## "இவரைப் பத்தி யாருக்கும் அதிகம் தெரியாது"

2010 செப்டம்பரில் நியூகாசிலுக்காக ஹாதெம் பென் அர்ஃபா எவர்ட்டன் மைதானத்தில் தூரத்திலிருந்து இடது காலால் ஒரு கோல் அடித்தார். பிபிசியின் ஆட்டத் தொகுப்பு நிகழ்ச்சியான மேட்ச் ஆஃப் த டேயில் முன்னாள் ஸ்ட்ரைக்கர் ஆலன் ஷியரர், இவரைப் பற்றி யாருக்கும் பெரிதாகத் தெரியாது என்கிற மாதிரி பேசினார். பென் அர்ஃபா அதற்குள் லியோனில் நான்கு முறையும் மார்செய்யில் ஒரு முறையும் ஃபிரெஞ்சு லீக் பட்டம் வாங்கியவர், பிரான்ஸ் தேசிய அணிக்கு ஆடியவர். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரிந்திருந்தது. "யாருக்கும்" என்ற இடத்தில் "எனக்கு" என்று இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நியாயமாகச் சொன்னால், ஷியரர் பிறகு நன்றாகத் தேறினார். இன்று அவர் ஒரு ஸ்ட்ரைக்கரின் ஓட்டத்தைப் பிரித்துச் சொல்லும்போது நான் குறிப்பெடுக்கிறேன். ஆனால் 260 பிரீமியர் லீக் கோல் அடித்தவருக்கே வீட்டுப்பாடம் செய்யாததற்கு மன்னிப்பு கிடைக்கவில்லை. சென்னை சீனியர் டிவிஷனில் நாலு சீசன் ஆடிய எனக்கும் உனக்கும் எங்கே கிடைக்கும்?

என் வழக்கம் இது: ஆட்டத்துக்கு முந்தின நாள் ஒரு கோடு போட்ட நோட்டில் இரண்டு அணியின் பெயர்களையும் எழுதுவேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே ஒரு விஷயம். எந்தக் கால், யாருக்குப் பதிலாக வந்தார், போன ஆட்டத்தில் எங்கே நின்றார். ஒன்றுக்கு மேல் எழுதினால் நேரலையில் கண்ணுக்கு அகப்படாது.

## கடைசியாக நின்றவனைக் குற்றவாளி ஆக்குவது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. என் மேல் வரும் எரிச்சல் அதில் பாதி.

ஒரு லீக் ஆட்டம். முதல் பாதி முடிய ஏழெட்டு நிமிஷம் இருந்தது. வெளியூர் அணியின் வலது விங்கர் ஆளே இல்லாத இடத்தில் பந்தை வாங்கினார், நிதானமாக நிமிர்ந்து பார்த்தார், கிராஸ் போட்டார், தலையால் முட்டி கோல். எங்களுக்கு வந்த ரீப்ளே அந்தக் கிராஸிலிருந்து தொடங்கியது. நாலே விநாடி. அதில் உள்ளூர் அணியின் லெஃப்ட் பேக் தன் இடத்தில் இல்லை, பத்து யார்டு உள்ளே தள்ளி நிற்கிறார். நான் நிறுத்தினேன், வட்டம் போட்டேன், "தூங்கிட்டார்" என்றேன். காதில் தயாரிப்பாளர், "சூப்பர் சார், இதான் வேணும்" என்றார்.

அடுத்த வாரம் வேறொரு வேலைக்காக அதே ஆட்டத்தை மேலே இருக்கிற கேமராவின் வைட் ஷாட்டில் முழுசாகப் பார்க்க நேர்ந்தது. கோலுக்குப் பதினோரு விநாடி முன்னால் நிறுத்தினேன். உள்ளூர் அணியின் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் பந்தைத் துரத்திக்கொண்டு வலது ஓரம் வரை போயிருக்கிறார். அவர் விட்ட இடத்தை அடைக்க ஒரு சென்டர் பேக் மேலே ஏறுகிறார். சென்டர் பேக் விட்ட ஓட்டை கோலுக்கு நேர் எதிரே இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் லெஃப்ட் பேக் உள்ளே ஓடி வருகிறார். வர வேண்டியதுதான். ஓரம் போனாலும் நடு போகக் கூடாது என்று எந்தக் கோச்சும் முதல் வருஷமே சொல்லிக்கொடுப்பார். அப்படி அவர் விட்டுவந்த ஓரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர், அவருக்கு முன்னால் ஆடிய லெஃப்ட் விங்கர். அந்த விங்கர் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நடந்துகொண்டிருக்கிறார். ரீப்ளேயில் அவர் தலையே தெரியாது.

அந்தப் பக்கம் ஒழுங்காக வேலை பார்த்த ஒரே ஆளை நான் ஊர் முன்னால் நிறுத்தியிருந்தேன்.

அதற்குள் "தூங்குமூஞ்சி" அவருக்குப் பெயராகிவிட்டது. அடுத்த ஆட்டத்தில் அவர் காலுக்குப் பந்து வரும்போதெல்லாம் கேலரியில் ஒரு கும்பல் "எழுந்திரு, எழுந்திரு" என்று கத்தியது. சில மாதம் கழித்து ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் போட்டிக்குப் பரிசு கொடுக்கப் போன இடத்தில் அவரைப் பார்த்தேன். கோபப்படவில்லை. கை கொடுத்துவிட்டுக் கேட்டார்: "அண்ணே, நான் உள்ளே வரலேன்னா வேற யாருண்ணே வந்திருப்பாங்க?" பதில் தெரியும். அதைச் சொல்ல அங்கே கேமரா இல்லை.

இது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது? நேரலை இயக்குநருக்குக் கோலுக்கும் அடுத்த கிக்-ஆஃபுக்கும் நடுவில் ஒரு நிமிஷம்போலத்தான் கிடைக்கும். அதில் கொண்டாட்டம் காட்ட வேண்டும், கோச் முகம் காட்ட வேண்டும், கோலை இரண்டு மூன்று கோணத்தில் காட்ட வேண்டும். அதனால் ரீப்ளே எப்போதும் கடைசிப் பாஸிலிருந்து ஆரம்பிக்கும். அவர் வேலைக்கு அது சரி. நம் வேலைக்கு அது போதாது. நாலு விநாடிக்குள் தேடினால் கிடைப்பது கடைசியாக நின்றவன் மட்டும்தான். குற்றவாளி பெரும்பாலும் சட்டகத்துக்கு வெளியே இருப்பான்.

இதற்கு மருந்து சாதாரணம். கோல் விழுந்த உடனே ஆட்டக் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுது. ரீப்ளே ஆப்பரேட்டரிடம் "கோலுக்குப் பதினஞ்சு செகண்ட் முன்னாடி, வைட் ஷாட்" என்று கேள். மேல் கேமராவின் பதிவு எப்படியும் இருக்கும், கேட்டால் கொடுப்பார், யாரும் கேட்பதில்லை. வந்ததும் பந்தைப் பார்க்காதே. கோல் வாங்கிய அணி கடைசியாக எப்போது ஒழுங்கான வடிவத்தில் நின்றது என்று பார். அங்கிருந்து முதலில் நகர்ந்தவன் யார், அவன் ஏன் நகர்ந்தான்? பேச வேண்டியது அவனைப் பற்றி. ஹாஃப் டைம் பதினைந்து நிமிஷம் என்றாலும் விளம்பரம் போக நம் கைக்கு வருவது மூன்று நிமிஷம். எனவே எந்தக் காட்சி என்று நாற்பதாவது நிமிஷத்துக்குள் முடிவு செய்துவிடு.

ஸ்கை ஸ்போர்ட்ஸின் மண்டே நைட் ஃபுட்பாலில் முன்னாள் டிஃபெண்டர்கள் கேரி நெவிலும் ஜேமி கேரகரும் இதைப் பிரமாதமாகச் செய்வார்கள். அவர்கள் அறிவாளிகள், நாம் முட்டாள்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. அன்று இரவு அவர்களுக்கு ஒரே ஆட்டம். அதற்கு முன்னால் திரை முன் நின்று பேச நிறைய நேரம். சனிக்கிழமை இரவு ஆறேழு ஆட்டத்தை ஒரே நிகழ்ச்சியில் அடைக்கிற மேட்ச் ஆஃப் த டேயில் அதே ஆட்களை உட்காரவைத்தால், அவர்களும் வட்டம் போட்டுவிட்டுத்தான் போவார்கள்.

இன்னொன்று. திட்டுகிற மொழி. 1994 உலகக் கோப்பையில் தன் கோலுக்குள்ளேயே பந்தை அனுப்பிய கொலம்பிய டிஃபெண்டர் ஆந்த்ரேஸ் எஸ்கோபர், ஊர் திரும்பியதும் ஜூலை 2 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் அர்ஜென்டினா–ருமேனியா ஆட்டத்தின்போது, ஒரு அர்ஜென்டினா டிஃபெண்டர் செய்த தவறுக்கு அவரைச் சுட வேண்டும் என்று பிபிசியில் ஆட்டம் பேசும் முன்னாள் டிஃபெண்டர் ஆலன் ஹேன்சன் வாய் தவறிச் சொன்னார். ஆங்கிலத்தில் அது சாதாரணப் பேச்சுவழக்கு. பிபிசி மன்னிப்புக் கேட்டது. நாமும் "தூக்கிப் போட்டு மிதிக்கணும்", "கையை ஒடிக்கணும்" என்று பேசி வளர்ந்தவர்கள்தான். ஸ்டுடியோவுக்குப் போகும் முன் இந்த மாதிரிச் சொற்களை வீட்டில் வைத்துவிட்டு வரப் பழக எனக்கு ஒரு வருஷம் ஆனது.

## ஜோசியம்

இதைத் தவறு என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை.

1995 ஆகஸ்ட் 19. ஆஸ்டன் வில்லாவிடம் மான்செஸ்டர் யுனைடெட் 3–1 என்று தோற்றது. சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு எதையும் ஜெயிக்க முடியாது என்றார் அதே ஹேன்சன். யுனைடெட் அந்த சீசனில் லீக், எஃப்ஏ கப் இரண்டையும் தூக்கியது. முப்பது வருஷமாக அவரை அந்த ஒரு வரியை வைத்தே கிண்டல் செய்கிறார்கள். ஆனால் அன்றைக்கு யுனைடெட்டின் மூத்த வீரர்கள் இன்ஸும் ஹியூஸும் கான்செல்ஸ்கிஸும் விற்கப்பட்டிருந்தார்கள், கான்டோனா தடையில் இருந்தார். அக்டோபர் 1 அன்று கான்டோனா திரும்பிய பிறகு அந்தப் பையன்களைச் சுற்றி ஷ்மைக்கேல், புரூஸ், பாலிஸ்டர், கீன் என்று பெரியவர்கள் நின்றார்கள். ஹேன்சன் பாதி சரி. காரணத்தோடு கணித்துத் தப்பாகப் போவதில் அவமானம் இல்லை. "ரெண்டு டீமும் நல்லா ஆடினா நல்ல மேட்ச்சா இருக்கும்" என்பவனைத்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

அந்தப் பையன்களில் ஒருவர்தான் கேரி நெவில் என்பது ஒரு வேடிக்கை.

## "நீ ஆடியிருக்கியா?"

விமர்சிக்கும் ரசிகரிடம் இதைக் கேட்காதீர்கள், அது நம் பக்கமே திரும்பும். நெவில் 2015 டிசம்பரில் ஸ்பெயின் அணியான வலென்சியாவின் பயிற்சியாளராகப் போனார். பிப்ரவரியில் பார்சிலோனாவிடம் 7–0, மார்ச் முடிவில் வேலை போனது. ஸ்டுடியோவில் இவ்வளவு பேசினாரே என்று இன்றும் கேட்கிறார்கள். கவனித்துச் சொல்வது ஒரு தொழில், ஆட்களைப் பழக்குவது இன்னொரு தொழில் என்று பதில் சொல்லலாம்தான். ஆனால் ஆடாதவன் ஆட்டத்தைப் பேசக் கூடாது என்றால், அணியை நடத்தாதவன் கோச்சைப் பேசக் கூடாது என்று அவன் மடக்குவான். அப்புறம் நமக்கு ஹாஃப் டைமில் பேச என்ன மிஞ்சும்?

## சட்டப் புத்தகத்தைத் திறக்காமல் இருப்பது

பதினைந்து வருஷம் ஆடியிருப்போம், சட்டத்தை ஒரு தடவைகூடப் படித்திருக்க மாட்டோம். "கடைசி ஆள், அதனால ரெட் கார்டு" என்று நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! "கடைசி ஆள்" என்று சட்டத்தில் எதுவும் இல்லை. கோல் எவ்வளவு தூரம், ஆட்டம் எந்தத் திசையில் போகிறது, பந்து அவர் வசம் இருக்குமா, மற்ற டிஃபெண்டர்கள் எங்கே எத்தனை பேர் என்று நான்கையும் பார்த்துத்தான் தெளிவான கோல் வாய்ப்பு தடுக்கப்பட்டதா என்று நடுவர் முடிவு செய்கிறார். 2016இலிருந்து, பாக்ஸுக்குள் பந்துக்காகவே முயன்று ஃபவுல் செய்து பெனால்டி கொடுத்தால் மஞ்சள் கார்டோடு விட்டுவிடுவார்கள். "பந்தைத் தொட்டுட்டாரே, எப்படி ஃபவுல்?" என்பதும் இதே ரகம். பந்தைத் தொட்ட பிறகும் ஆளின் கணுக்காலைப் பெயர்த்தால் ஃபவுல்தான்.

புத்தகம் இணையத்தில் இலவசம். வருஷத்துக்கு ஒரு முறை மாற்றங்கள் வரும், அந்தப் பக்கங்களையாவது படியுங்கள்.

## "எங்க காலத்துல"

பாதிப் புல், பாதி மண் கதையை நான் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கார்னர் போயிருந்தது.

## நண்பன்

"அவர் என்கூட ஆடியவர்" என்று முதலில் சொல்லிவிடு. அப்புறம் திட்டு.

## மைக்

ஆஃபில் இருப்பதாக நினைத்துப் பேசியதில் 2004இல் ரான் அட்கின்சனும் 2011இல் ஆண்டி கிரேயும், இருவரும் இங்கிலாந்து டிவியில் ஃபுட்பால் பேசியவர்கள், வேலையை இழந்தார்கள். ஒருவர் பேசியது நிறவெறி, மற்றவர் பேசியது பெண் லைன் நடுவரைப் பற்றிய மட்டமான பேச்சு. மைக்கின் மேல் பழி போட முடியாது.

## தலையைக் குனிவது

2010 ஏப்ரல், போர்ட்ஸ்மத் மைதானம். ஸ்கையின் சனிக்கிழமை நிகழ்ச்சிக்காக அங்கிருந்து பேசியவர், ஒரு காலத்தில் அதே போர்ட்ஸ்மத்துக்கு ஆடிய கிறிஸ் கமாரா. ரெட் கார்டு யாருக்கு என்று ஸ்டுடியோவிலிருந்து ஜெஃப் ஸ்டெல்லிங் கேட்கிறார். ரெட் கார்டா, அப்படியா என்று கமாரா திரும்பக் கேட்கிறார். ஒரு வீரர் வெளியே போனதைப் பார்த்தாராம், ஆள் மாற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். அவர் சிரித்துச் சமாளித்த விதத்துக்காகவே அந்தக் காட்சியை இன்றும் பார்க்கிறார்கள்.

நாமெல்லாம் கமாரா இல்லை. ஸ்டுடியோவுக்கு முதல் நாள் வந்த அந்தத் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். விளம்பர இடைவேளையில் அவனுக்குப் பதினைந்து விநாடி முன்னாலிருந்து போட்டுக் காட்டினேன். எதிரணி அவசரமாக எடுத்த ஒரு த்ரோ-இன், முதுகைக் காட்டிக்கொண்டு நடந்த ஒரு சென்டர் பேக், பந்து தெரியாதபடி கீப்பருக்கு முன்னால் இரண்டு பேர். "ஐயோ" என்றான். ஆட்டம் முடிந்ததும் இருபது விநாடி கேட்டு வாங்கிக் கொடுத்தேன், திருத்திச் சொன்னான். நன்றாகவே சொன்னான். ஆனால் இடைவேளையில் அவனுக்கு இதையெல்லாம் விளக்கிக்கொண்டே, கழன்று விழுந்த இயர்பீஸை எடுக்கக் குனிந்திருந்தேன். நிமிர்ந்தபோது இரண்டாம் பாதி தொடங்கியிருந்தது, ஸ்கோர் 2–0. "எப்படி விழுந்தது சார்?" என்று தொகுப்பாளர் என்னைத்தான் கேட்டார்.