இருதயப் பரிசோதனையில் நாம் செய்யும் தவறுகள்

சுங்கை சிப்புட்டில் எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும், "ஈ.சி.ஜி. எடுத்தாச்சு, இருதயம் நல்லா இருக்கு" என்று யாராவது சொல்வது காதில் விழும். முதல் தவறே இதுதான். ஈ.சி.ஜி. இருதயத்தின் மின்துடிப்பைக் கோடாகப் பதிவு செய்கிறது, அவ்வளவே. இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு இருந்தாலும், படுத்தபடி எடுத்த ஈ.சி.ஜி. சரியாகவே வரலாம். செம்பனைக் குலை தூக்கும்போது மட்டும் நெஞ்சை இறுக்குகிறதென்றால், அதை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். எந்தப் பரிசோதனை தேவை என்பதை அந்தத் தகவல்தான் முடிவு செய்யும்.

அடுத்தது எக்கோ. ஒலி அலையால் எடுக்கும் படம், கதிர்வீச்சு கிடையாது. வால்வும் தசையும் நன்றாகத் தெரியும். குழாய் அடைப்பு நேராகத் தெரியாது. ரிப்போர்ட்டில் 'ஈ.எஃப். 60' என்று பார்த்துவிட்டு, "நூற்றுக்கு அறுபதுதானா!" என்று கலங்கிப்போகிறவர்கள் உண்டு. அது பரீட்சை மார்க் இல்லை. இடது கீழறையில் நிறையும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்ற கணக்கு. நல்ல இருதயம்கூட முழுவதையும் தள்ளிவிடாது. 55 முதல் 70 வரை இயல்புதான். 40-க்குக் கீழே போனால் தசை பலவீனம் என்று பொருள்.

அடுத்தது சி.டி. கால்சியம் ஸ்கோர். இருதயக் குழாய்ச் சுவரில் எவ்வளவு சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்ற கணக்கு. அது பூஜ்யம் என்றால் நல்ல செய்திதான். ஆனால் சுண்ணாம்பு படியாத கொழுப்பு அதில் தெரியாது. நெஞ்சுவலி இருப்பவர் அந்தப் பூஜ்யத்தை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது.

சாயம் ஏற்றி இருதயக் குழாய்களைப் படம் எடுக்கும் சி.டி. ஆஞ்சியோவுக்கு ஈப்போ போகிறவர்கள், போனதும் முதலில் தேடுவது வெள்ளைக் காப்பி. அன்றைக்கு வேண்டாம்! காப்பி, தே தாரேக் எல்லாமே துடிப்பைக் கூட்டும், படம் மங்கும். இனிப்பு நீர் நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிறுநீரக ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் நிறுத்துவதா வேண்டாமா என்று சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம், ஆண்கள் கூச்சப்பட்டு மறைக்கும் ஒன்று: ஆண்மை மாத்திரை. சி.டி. ஆஞ்சியோ ஸ்கேனுக்கு முன், குழாயை விரிக்க நாக்கின் கீழ் நைட்ரோகிளிசரின் மருந்து தருவார்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். 'ஆண்மைக் காப்பி' குடித்திருந்தாலும் சொல்லுங்கள். சில பாக்கெட்டுகளில் அதே வகை மருந்தைக் கலந்து விற்றது பிடிபட்டிருக்கிறது.

ஸ்கேன் தேதி வரட்டும் என்று வலியைப் பொறுத்துக்கொள்வது இன்னொரு தவறு. ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சு இறுக்கி, வியர்த்துக் கொட்டினால் உடனே 999.